அட்டை அரசி கண்டிக்குப் போன கதை

கண்டி பஸ் நிலையத்தில் இறங்கிய உடனே நான் தாத்தா ஆனேன். எனக்காகக் காத்திருந்த ரிஸானா ஓடிவந்து என் பையைப் பிடுங்கிக்கொண்டு, "வாங்க தாத்தா, பயணமெல்லாம் சுகமா இருந்திச்சா?" என்றாள். நாற்பத்தைந்து தாண்டிவிட்டது, காதோரம் நரையும் உண்டு. ஆனாலும் சேலை கட்டி, பூ வைத்து, கையில் வளையல் போட்டுக்கொண்டு வந்து நிற்பவளை இப்படியா கூப்பிடுவார்கள் என்று திகைத்துப் போனேன்.

நான் விழிப்பதைப் பார்த்து அவளே விளக்கினாள். இலங்கை முஸ்லிம்கள் வழக்கத்தில் அக்காவுக்குத் தாத்தா என்று பெயர். அண்ணனுக்கு நானா. பக்கத்தில் குடையோடு நின்ற சிவநேசன், "ஆனா கவனம் அக்கா, சிங்களத்தில தாத்தா எண்டால் அப்பா" என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார். மதுரையில் எனக்கு மாமியார் உட்பட யாரும் ஒரு பதவியும் கொடுத்ததில்லை. இங்கே வந்து இறங்கி ஐந்து நிமிடத்துக்குள் மூன்று பதவி.

நான் தொலைபேசி அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அட்டை அரசி. "பாதாள நகரம்" என்று ஒரு படக்கதை வந்துகொண்டிருந்தது. சாணித் தாளில் அச்சடித்து, கையில் மை ஒட்டும் புத்தகம். அதில் வரும் வில்லிதான் அட்டை அரசி. மழைக்காட்டிலே காலில் ஏறி இரத்தம் குடிக்குமே, அந்த அட்டை. எதிரியின் கையை மரியாதையாகப் பிடித்து முத்தமிடுவாள். அடுத்த கட்டத்தில் எதிரி சுருங்கிய கத்தரிக்காய் மாதிரி கிடப்பான். எங்கள் தெரு சைக்கிள் கடையில் கிழிந்த டியூபுகளை வாங்கி, கீற்றுக் கீற்றாக வெட்டித் தைத்து, அவளுடைய அங்கியை நானே செய்தேன். அதைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிகளில் குழந்தைகள் வார்டுக்குப் போவேன். பிள்ளைகள் அலறிச் சிரிக்கும். அதைப் பற்றி வாசகர் கடிதம் பகுதியில் நான் எழுதிய நாலு வரிதான் என்னைக் கண்டி வரை இழுத்து வந்தது.

ரிஸானாவும் அவள் கணவரும் கண்டிக்குப் பக்கத்து அக்குறணையில் புத்தகம், பேனா, பென்சில் விற்கும் கடை வைத்திருந்தார்கள். சிவநேசன் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் ஒரு வங்கியில் வேலை. இருவரும் "பாதாள நகரம்" பைத்தியங்கள். யுத்தம் நடக்கிற நாட்டுக்குப் புத்தகக் கட்டு எப்போது வந்து சேரும் என்று யாருக்கும் தெரியாது. வில்லி கத்தியை ஓங்கிய இடத்தில் ஒரு இதழ் முடிந்தால், அந்தக் கத்தி கீழே இறங்க அரை வருடம்கூட ஆகும். அந்தப் பொறுமையில் பழகியவர்கள் சேர்ந்து ஒரு வாசகர் வட்டம் வைத்து, வருடத்துக்கு ஒரு தடவை படக்கதை வேஷம் போட்டு, ஏதாவது ஒரு நல்ல காரியம் செய்வார்கள்.

இந்த வருடக் காரியம் இரத்ததானம். கண்டி ஆஸ்பத்திரி ஒன்றில் தலசீமியா என்ற நோயுள்ள பிள்ளைகளுக்கு என்று ஒரு வார்டு இருந்தது. அவர்கள் உடம்பில் இரத்தம் சரியாக ஊறாது. மாதத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஏற்றினால்தான் உயிரோடு இருக்க முடியும். ஆனால் வடக்கில் சண்டை கூடக்கூட, இருக்கிற இரத்தமெல்லாம் காயம்பட்டவர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. ரிஸானா கடிதத்தில் எழுதியிருந்தாள்: "இரத்தம் குடிக்கிற நீங்களே வந்து கேட்டா ஆக்கள் தராம இருப்பாங்களா, தாத்தா?" அந்தக் கடைசி வார்த்தையை எழுத்துப் பிழை என்று நினைத்திருந்தேன்.

கொழும்பிலிருந்து பஸ்ஸில் வரும் வழியிலேயே அட்டை அரசி ஒரு முறை பரிசோதிக்கப்பட்டாள். பாதையில் எல்லோரையும் இறக்கிப் பையைத் திறக்கச் சொன்னார்கள். பெண் சிப்பாய் என் பைக்குள் கைவிட்டு, கறுப்பாக, வழவழப்பாக எதையோ தொட்டுவிட்டுச் சட்டென்று கையை வெளியே எடுத்தாள். எனக்குச் சிங்களம் தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. கடைசியில் ரோட்டோரத்தில் அங்கியை மாட்டிக்காட்டினேன். தலைக்கவசத்தில், கழிவறை அடைப்பெடுக்கும் ரப்பர் கிண்ணங்களை உறிஞ்சு வாயாக ஒட்டியிருந்தேன். அவள் அதில் ஒன்றைத் தட்டிப் பார்த்தாள். பிறகு நான் இரக்கப்பட வேண்டிய கேஸ் என்று முடிவு செய்து, கையைப் பிடித்து என்னை பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். அதற்குப் பிறகு பக்கத்து சீட்டுக்காரர் தன் பலாப்பழத்தை மடியிலேயே வைத்துக்கொண்டார். எங்களுக்கு நடுவில் வைக்கவில்லை.

அக்குறணையில் அன்று இரவு எனக்குச் சாப்பாட்டாலேயே தண்டனை கொடுத்தார்கள். இடியப்பம், பாபத் கறி, தேங்காய்ச் சம்பல், அதற்கு மேல் வட்டிலப்பம். பாபத் என்றால் என்ன என்று கேட்டேன். "மாட்டுக் குடல் தாத்தா, நல்லாக் கழுவினது" என்றாள் ரிஸானா. அதற்குள் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டிருந்தேன். இனிமேல் முகம் சுளித்து என்ன பிரயோஜனம் என்று மூன்றாவது தடவையும் வாங்கிக்கொண்டேன். வட்டிலப்பத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. கருப்பட்டி மாதிரி ஒரு வெல்லம், தேங்காய்ப்பால், முட்டை. மதுரையில் ஜிகர்தண்டாவை விட்டால் உலகத்தில் இனிப்பே கிடையாது என்று நாங்கள் நம்புவதெல்லாம், இதைச் சாப்பிடாததால் வந்த தைரியம்.

மறுநாள் தெல்தோட்டைக்குப் போனோம். அங்கே தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மகேந்திரன் என்ற ஆசிரியர் வாசகர் வட்டத்தின் கிளை மாதிரி ஒன்றை நடத்திவந்தார். தோட்டத்து ஆட்களை இரத்ததான முகாமுக்கு வரவழைப்பதாகச் சொல்லியிருந்தார். ஆனால் யாரும் பிடிகொடுக்கவில்லை. இரத்தம் கொடுத்தால் கொழுந்து பறிக்கத் தெம்பு இருக்காது என்று ஒருவர். டவுனுக்குப் போனால் வழியிலே பிடித்துவைத்து விடுவார்கள் என்று பலர். பயணம் முழுக்க வளைவு. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம். அதற்குமேல் நான் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

மகேந்திரன் வாசலிலேயே சொன்னார். "வாங்கக்கா. காலுக்கு சவுக்காரம் தேச்சுக்கிட்டு வாங்க, மழை பேஞ்சிருக்கு, அட்டை இருக்கும்." எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. மதுரையில் பதினைந்து வருடமாக அட்டை அரசியாக இருப்பவளுக்கு அட்டையிடமிருந்து பாதுகாப்பா? சோப்பு வேண்டாம் என்றுவிட்டேன்.

வேலை முடிந்து வந்த பெண்களும் ஆண்களும் பள்ளிக்கூட முற்றத்தில் கூடினார்கள். அங்கியை விரித்து, கையை உயர்த்தி, என் பிரசித்தி பெற்ற வசனத்தை ஆரம்பித்தேன். "பாதாளத்தின் பட்டத்து ராணி நான். உங்கள் இரத்தம் எனக்கு வேண்டும்." அந்த நேரம் முழங்காலுக்குக் கீழே என்னமோ ஈரமாகப் பட்டது. குனிந்து பார்த்தேன். கறுப்பாக, மினுமினுப்பாக, என் சுண்டுவிரல் கனத்துக்கு ஒன்று தொங்கியது.

வாழ்க்கையில் அதுவரை ஒரு அட்டையை நான் நேரில் பார்த்ததே இல்லை. படத்தில் மட்டும்தான். என்ன சத்தம் போட்டேன் என்று எனக்கு ஞாபகமில்லை. ஓடியது ஞாபகம் இருக்கிறது. அங்கி ஒரு கொடிக்கம்பத்தில் மாட்டி, தலைக்கவசம் கழன்று உருண்டது. ஒரு பெண் என்னை உட்கார வைத்து, சோப்பை ஈரமாக்கிக் காலில் தடவ, அது தானாக விழுந்தது. இரத்தம் நிற்கவில்லை. "ராணிக்கு அட்டைன்னா பயமாம்" என்று யாரோ சொல்ல, முற்றம் முழுக்கச் சிரிப்பு. வயதான ஒருவர் சிரித்துச் சிரித்து இருமலே வந்து தூணைப் பிடித்துக்கொண்டார்.

அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகுதான் மகேந்திரன் பிள்ளைகள் வார்டைப் பற்றிச் சொன்னார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் கனகராஜ் என்பவர் முதலில் எழுந்தார். "நான் வாறேங்க. வேஷம் போட்டா வரலாமா?" படக்கதையில் வரும் பாசி மனிதனாக வர வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசையாம். தலையிலிருந்து கால்வரை பச்சை. அவர் பின்னால் இன்னும் பலர் பெயர் கொடுத்தார்கள். தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் கொடுத்தார்கள். சம்பல் உறைப்பில் கால் வலி மறந்துபோனது.

முகாம் நாளன்று காலையில் கண்டி ஏரிக்குப் பக்கத்து மண்டபத்தில் கட்டில்கள் போட்டு எல்லாம் தயார். வார்டு நர்ஸ் குமாரி வந்திருந்தார். எல்லோரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். சிங்களப் பெண்மணி. தமிழை வேகமாக, வேண்டாத எழுத்துகளை விட்டுவிட்டுப் பேசுவார். படம் வரையும் இரண்டு பேர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இரத்தம் கொடுப்பவருக்கு அவரையே படக்கதை நாயகனாக வரைந்து கொடுப்பதாக ஏற்பாடு. வாசலில் நான், அங்கியோடு.

எனக்கு ஊசி என்றால் பயம். ஆனால் வாசலில் நிற்கிறவள் கொடுக்காமல் மற்றவர்களிடம் எப்படிக் கேட்பது? யாரிடமும் சொல்லாமல் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, முதல் ஆளாகப் போய்க் கட்டிலில் படுத்து, கண்ணை மூடிக் கையை நீட்டினேன்.

"நீங்க எந்த நாடு?" என்று குமாரி மிஸ்ஸின் குரல் கேட்டது.

"இந்தியா."

"அப்ப முடியாது. மலேரியா இருக்கிற ஊர். எழும்புங்க."

எழுந்தேன். நிம்மதியும் அவமானமும் சேர்ந்தால் முகம் எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன். நல்லவேளை, முகத்துக்கு மேலே ரப்பர் இருந்தது.

தெருவில் வந்தவர்கள் என்னைக் கண்டதும் எதிர்ப்பக்கம் கடந்து போனார்கள். ஒரு ஆட்டோக்காரர் மட்டும் நின்று, இது என்ன டயர் கம்பெனி விளம்பரமா என்று விசாரித்துவிட்டுப் போனார். பத்துப் பேர்கூடத் தேறவில்லை. தோட்டத்து வேன் வந்தால்தான் கட்டில்கள் நிறையும். வேனைக் காணோம்.

அப்போது சிவநேசனின் கைத்தொலைபேசி அடித்தது. கேட்டுக்கொண்டிருந்தவர் முகம் மாறியது. கொழும்பில் விடியற்காலை குண்டு வெடித்திருக்கிறது. எல்லாப் பாதையிலும் சோதனை. மகேந்திரனின் வேனை நகர எல்லையில் நிறுத்தி, எல்லோரையும் இறக்கி வைத்திருக்கிறார்கள். வேன் நிறைய முகமூடி போட்டவர்கள், முகத்தில் சாயம் பூசியவர்கள். எல்லோரும் தமிழர்கள்.

ரிஸானாவின் கணவர் தன் வேனை எடுத்தார். குமாரி மிஸ் கையுறையோடு ஏறினார். நானும் ஏறப் போனேன். சிவநேசன், "அக்கா, நீங்கள் நில்லுங்கோ" என்றார். பிறகு தானே ஏறி உட்கார்ந்தார்.

"நீங்க வராதீங்க நானா. ஒங்கட அடையாள அட்டையில யாழ்ப்பாணம்னு இருக்கு" என்றாள் ரிஸானா.

"ஓம், தெரியும்" என்றார். "என்னை ஒருக்கா ரெண்டு மூண்டு நாள் வச்சிருந்தவங்கள். இஞ்ச தங்கிறதுக்குப் பொலிஸ் தந்த பதிவுத் துண்டை மற்றக் கால்சட்டையில விட்டிட்டு வந்திட்டன். அதில இருந்து ஒரே கால்சட்டைதான்." மழை வரும் போலிருக்கு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். ஆனால் கை கால்சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தது. இந்தியக் கடவுச்சீட்டோடு ஒருத்தி வேஷத்திலேயே வந்து நின்றால், நடப்பது வேஷப்போட்டிதான் என்று நம்ப வசதியாக இருக்கும் என்று குமாரி மிஸ் சொன்னார். நானும் ரிஸானாவும் ஏறிக்கொண்டோம்.

அங்கே பார்த்த காட்சி எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ரோட்டோரத்தில் வரிசையாக நிற்கிறார்கள். ஒருவர் முகத்தில் கோடு கோடாக மஞ்சள், ஒருவருக்கு அட்டைப்பெட்டியில் செய்த மூக்கு. நடுவில் தலைமுதல் கால்வரை பச்சையாகக் கனகராஜ். யாரும் சிரிக்கவில்லை. ஒரு சிப்பாயின் துப்பாக்கி முனை தரையைப் பார்க்கவில்லை. அங்கே பொறுப்பாக இருந்த சார்ஜன் கையில் அடையாள அட்டைகளை வைத்துக்கொண்டு, படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குமாரி மிஸ் இறங்கிய வேகத்தில் சிங்களத்தில் ஆரம்பித்தார். ரிஸானா எனக்குக் காதில் சொன்னாள்: "இது ஆக்கள் இல்ல, என்ட இரத்தம். நீங்க ரோட்டுல நிப்பாட்டி வச்சிருக்கிறது என்ட பிள்ளைகள்ற இரத்தம்னு சொல்றாங்க."

சார்ஜன் என் பக்கம் திரும்பினார். நான் பயத்தில் பின்னுக்கு நகர, ரிஸானா, "தாத்தா, அசையாம நில்லுங்க தாத்தா" என்று கத்திவிட்டாள். சார்ஜன் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவளுடைய அப்பா என்று எண்ணி, என்னைச் சோதனை போட ஒரு ஆண் சிப்பாயை அனுப்பினார். அவன் ரப்பருக்குள் கைவிடப் போகும்போது குமாரி மிஸ் குறுக்கே பாய்ந்தார். தலைக்கவசத்தைக் கழற்றினேன். பூ வைத்த கொண்டையைப் பார்த்ததும் அந்தப் பையன் காது சிவக்க நின்றுவிட்டான். சார்ஜன் என் கடவுச்சீட்டை நிதானமாகப் புரட்டிவிட்டு ஏதோ கேட்டார். "இங்க இருக்கிற அட்டை போதாதுன்னா இந்தியாவில இருந்து எடுப்பிச்சிருக்கீங்க?" என்று கேட்டாராம். சிப்பாய்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். துப்பாக்கி முனை தரையைப் பார்த்தது.

ஆனாலும் சார்ஜன் விடவில்லை. எல்லோரும் முகம் கழுவ வேண்டும், படத்தோடு ஒத்துப்போனால் போகலாம் என்றார். பக்கத்துத் தேநீர்க்கடைக் குழாயில் வரிசையாகக் கழுவினார்கள். விடியலுக்கு முன்பே எழுந்து போட்ட சாயமெல்லாம் வாய்க்காலில் ஓடியது. ஒவ்வொருவராகத் தங்கள் முகத்தோடு வந்து நின்றார்கள். சிவநேசனின் அட்டையையும் வாங்கிப் பார்த்தார் சார்ஜன். மற்றவர்களுடையதைவிட அதிக நேரம் பார்த்தார். பதிவுத் துண்டையும் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். சிவநேசன் அதை வாங்கிப் பையில் வைக்க மூன்று முயற்சி வேண்டியிருந்தது.

கனகராஜ் மட்டும் கழுவக் கழுவப் பச்சையாகவே வந்தார். தொழிற்சாலைக் கதவுக்குப் பூசும் பெயின்ட்டாம். நல்லாப் பிடிக்கணும்னு நினைச்சேன் என்றார். தேநீர்க்கடைக்காரர் மண்ணெண்ணெய் கொண்டுவந்து தேய்த்துப் பார்த்தார். கனகராஜுக்குக் கண்ணில் தண்ணீர் வந்ததே தவிர பச்சை போகவில்லை. கடைசியில் சார்ஜன் படத்தை உற்றுப் பார்த்து, வலது தாடையில் ஒரு மச்சம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அந்த இடத்தை மட்டும் துடைக்கச் சொன்னார். கடைக்காரர் துணியின் நுனியை விரலில் சுற்றி, நகைக்கடைக்காரர் மாதிரி தேய்த்தார். பச்சைக்கு நடுவில் கொஞ்சம் மாநிறம் வந்தது. அதற்கு நடுவில் மச்சம் வந்தது. சார்ஜன் குனிந்து பார்த்து, "ஹரி" என்றார். சரி என்று அர்த்தம். அதை மட்டும் யாரும் எனக்கு மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

மண்டபத்துக் கட்டில்கள் அன்று சாயங்காலம் வரை காலியாகவில்லை. தோட்டத்து ஆட்கள் வந்த வேனும், அவர்களை மீட்கப் போன வேனும் ஒன்றாக வந்து நின்றதைப் பார்த்து என்னவோ ஏதோ என்று தெருவே கூடிவிட்டது. கூடியவர்களில் பாதிப் பேர் உள்ளே வந்துவிட்டார்கள். கனகராஜுக்குச் சோகை இருக்கிறதா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல வழியில்லாமல் குமாரி மிஸ் அவர் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பாக இருந்தது. அவர் இரத்தம் கொடுத்துக்கொண்டிருக்கையில் மாலை வேலைக்கு வந்த இன்னொரு நர்ஸ், கட்டிலில் பச்சையாக ஒருவர் கண்மூடிக் கிடப்பதைப் பார்த்து, டாக்டரைக் கூப்பிட ஓடினார். படம் வரைபவர்கள் கனகராஜை மட்டும் உள்ளது உள்ளபடியே வரைந்தார்கள். மீன் வைத்த மாலுபணிஸும் இஞ்சி போட்ட பிளேன்டீயும் சாப்பிட்டு, பச்சைக் கைரேகையைக் கோப்பையில் விட்டுவிட்டு அவர் வேன் ஏறினார். சிவநேசன் வேன் கண்ணிலிருந்து மறையும் வரை ரோட்டிலேயே நின்றார். அவர்கள் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்ததாகத் தகவல் வந்த பிறகுதான் ஒரு வாய் தேநீர் குடித்தார்.

ஊருக்குக் கிளம்பும் நாளில், குமாரி மிஸ் என்னைப் பிள்ளைகள் வார்டுக்கு அழைத்துப் போனார். வேஷத்தோடுதான் வர வேண்டும் என்றார். நீளமான அறை. கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலே ஒரு கம்பி, கம்பியில் சிவப்புப் பை, பையிலிருந்து ஒரு குழாய் கீழே ஒரு சின்னக் கைக்கு.

வாசலைத் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வசனம். "உங்கள் இரத்தம் எனக்கு வேண்டும்." மதுரையில் எத்தனையோ வார்டுகளில் சொல்லியிருக்கிறேன். இங்கே இந்தப் பிள்ளைகளிடம் அதை எப்படிச் சொல்வது? அறை நடுவில் கையை உயர்த்தியபடியே நின்றேன். பிள்ளைகள் காத்திருந்தார்கள். ரப்பருக்குள் வேர்த்து வழிந்தது.

ஜன்னலோரக் கட்டிலில் எட்டு ஒன்பது வயதிருக்கும் ஒரு சிறுமி. பெயர் நெத்மி என்று பிறகு தெரிந்தது. அவள் பயப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. என்னைத் தலையிலிருந்து கால்வரை கவனமாகப் பார்த்துவிட்டு, குமாரி மிஸ்ஸிடம் சிங்களத்தில் இது யார் என்று கேட்டாள். மிஸ் கதையைச் சொன்னார். இரத்தம் குடித்து உயிர் வாழும் ராணி என்று சொல்லியிருப்பார் போலிருக்கிறது. சிறுமி தன் தலைக்கு மேலே தொங்கும் பையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மெதுவாக என்னவோ கேட்டாள்.

குமாரி மிஸ் அவள் போர்வையைச் சரிசெய்துவிட்டு எனக்கு மொழிபெயர்த்தார்.

"இவ கேக்கிறா, உங்களுக்கும் மாசத்துக்கு ஒருதரமா எண்டு."

நான் உயர்த்திய கையைக் கீழே இறக்கினேன்.

"ஆமாம்மா" என்றேன். "மாசத்துக்கு ஒரு தடவை."

மிஸ் அதை அவளுக்குச் சொன்னார். நெத்மி புரிந்தது என்பதுபோல் தலையாட்டினாள். பிறகு ஊசி குத்தியிருந்த கையை அசைக்காமல், சுவர்ப் பக்கமாக மெல்ல நகர்ந்து, கட்டிலில் எனக்கு இடம் விட்டாள்.